பெற்றோர் வரிசை நாற்காலி

— அவரை எதுக்குப்பா வெளியே அனுப்புனீங்க? இந்தக் கண்ணாடிக் கடையே அவரோடது.

— நான் எங்க அனுப்புனேன்? போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்கன்னு மரியாதையாத்தானே சொன்னேன்.

— அவர் டீயே குடிக்க மாட்டாரு.

— ஓ! அதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்க. நான் டீக்கு எத்தனை சர்க்கரை போடுவேன், சொல்லு பார்ப்போம்.

— உங்களுக்குச் சர்க்கரை வந்ததுலேருந்து நீங்க போடுறதே இல்ல. அம்மா அந்தப் பக்கம் திரும்பினா மட்டும் போடுவீங்க. நேரா உக்காருங்க, முதுகை நாற்காலியில சாய்ங்க.

— ம்... இதுக்கு மட்டும் குறைச்சல் இல்ல.

— இந்தச் சட்டத்தை மாட்டிவிடுறேன். மூக்குல அழுத்துதா?

— அழுத்தட்டும். என்ன சொல்றேன்னா, அந்த ஆளு முன்னாடி நான் கண்ணைத் தொறந்து காட்ட மாட்டேன். என் பொண்ணு பார்த்தா போதும்.

— நான் இன்னும் முடிக்கலப்பா. கண்ணு பரிசோதிக்கிற படிப்பு, சாயங்கால வகுப்புல ரெண்டாவது வருஷம்தான் படிக்கிறேன். நான் அளந்து எழுதி வைப்பேன், அவர் கையெழுத்துப் போடுவாரு.

— திரும்பப் பார்க்க மாட்டாரா?

— மாட்டாரு. நீ பார்த்தா நான் பார்த்த மாதிரின்னு சொல்வாரு. அதனாலயே நான் ஒண்ணுக்கு ரெண்டு தடவை அளப்பேன்.

— நல்லதாப் போச்சு. எழுது, கையெழுத்து வாங்கு, நான் கிளம்புறேன். நாளைக்குக் காலையில டிப்போவுல, கண்ணு நல்லா இருக்குன்னு சீட்டைக் கொடுத்தாகணும். இல்லேன்னா வண்டி சாவி தர மாட்டான்.

— ரெண்டு கண்ணும் தனித்தனியா தேறணுமா?

— தனித்தனியாத்தான். பஸ்ஸை என்ன ஒரு கண்ணாலயா ஓட்டுறாங்க? போன வருஷம் எங்க செட்டுல ஒருத்தன் தேறல. இப்ப வண்டி கழுவுறான். பாதிச் சம்பளம். ஹாரன் சத்தம் கேட்டா தலையைக் குனிஞ்சுக்குறான், பாவம்.

— அதனாலதான் நிதானமா செய்யலாம்னு சொல்றேன். இருங்க, வரிசையா போவோம். முதல்ல வலது கண்ணு. இடது கண்ணுக்குக் கறுப்பு மூடி போட்டாச்சு. எதிர்ல திரை தெரியுதா?

— தெரியுது. இது என்ன, டிவியா? முன்னெல்லாம் அட்டைதானே தொங்கும்.

— ரிமோட்டுல மாத்திக்கலாம். கீழேருந்து ரெண்டாவது வரி படிங்க.

— ட... ம... ய... ப... க. சரியா?

— சரிப்பா. கடைசி வரி?

— இரு, அவசரப்படுத்தாத. ல... ன... ர... ச... வ. ட, ம, ய, ப, க. ல, ன, ர, ச, வ.

— எதுக்கு ரெண்டு தடவை?

— நிறுத்தம் பேரு சொல்லிச் சொல்லிப் பழகின வாய். ஆமா, அவரை நீ பெரியப்பான்னு கூப்பிடுறியாமே?

— யார் சொன்னது?

— யாரோ சொன்னாங்க. என்ன சொல்றேன்னா, பெரியப்பான்னா எனக்கு அண்ணன். எனக்குத் தெரியாம எங்கம்மா எப்பப் பெத்தாங்க அவரை?

— முதலாளின்னு கூப்பிட்டா அவருக்குப் பிடிக்கல. சார்னு சொன்னா திரும்பிப் பார்க்கிறதில்ல. வேற என்னன்னு கூப்பிடுறது?

— மாமான்னு கூப்பிடு. யாரு வேணா மாமா ஆகலாம். பெரியப்பாங்கிறது ரத்தத்துல வரணும்.

— தலையை ஆட்டாதீங்க. இப்ப ஒவ்வொரு வில்லையா போடுறேன். இதுல தெளிவா, இதுல தெளிவா?

— ரெண்டும் ஒண்ணுதான்.

— மறுபடி பாருங்க. முதலாவதா, ரெண்டாவதா?

— முதலாவது. உன் காலேஜ் விழாவுல உனக்குப் பரிசு கொடுத்தாங்களே, பெற்றோர் வரிசையில உக்காந்து கை தட்டினது யாரு?

— அதை யாரு உங்ககிட்ட...

— சொல்லு. யாரு?

— அவர்தான்.

— வெள்ளைச் சட்டை. மடிப்புக் கலையாம. கால் மேல கால் போட்டுக்கிட்டு.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க வரலியே.

— வந்தேன்.

— அப்பா...

— காக்கிச் சட்டையோட நேரா டிப்போவுலேருந்து வந்தேன். பெற்றோர் வரிசைக்கு நேர் பின்னால, வாசல்ல நின்னேன். உன் பேரு சொன்னாங்க. அந்த ஆளு எழுந்து நின்னு தட்டுறான். பக்கத்துல இருந்த யாரோ ஒரு அம்மா, உங்க பொண்ணான்னு கேக்குது. அவன் சிரிக்கிறான். இல்லன்னு சொல்லல பாரு, சிரிக்கிறான்! அப்படியே திரும்பி வந்துட்டேன்.

— அது உங்களுக்குப் போட்டு வச்ச நாற்காலிப்பா. உங்க பேரு எழுதி ஒட்டியிருந்தேன். நிகழ்ச்சி ஆரம்பிக்கிற வரைக்கும் வாசலையே பார்த்துட்டிருந்தேன். காலியா கிடந்தா எல்லாரும் கேப்பாங்களேன்னுதான் அவரை உக்காரச் சொன்னேன்.

— கேக்கட்டுமே! கேட்டா என்ன?

— கேட்டா நான் என்ன சொல்றது? எங்கப்பா எங்கண்ணனுக்கு மட்டும்தான் ஃபீஸ் கட்டுவாருன்னா?

— ஆரம்பிச்சுட்டா.

— நான் ஆரம்பிக்கல. நீங்கதான் நாற்காலியை இழுத்தீங்க. காலேஜ்ல சேரணும்னு நான் உங்ககிட்ட வந்து நின்னேன். நீங்க சாப்பிட்டுட்டு இருந்தீங்க. தலையைக்கூட தூக்கல. அண்ணன் முடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்னு சொன்னீங்க. அண்ணன் இன்னும் முடிக்கல. முடிக்கவும் மாட்டான்.

— ஒரு வீட்டுல ஒருத்தனைத்தானே ஒரு நேரத்துல...

— அவனுக்கு வண்டி வந்துச்சே, அது எந்த நேரத்துல? காலேஜுக்குப் பஸ்ல போனா கஷ்டம்னு பஸ் ஓட்டுறவரு பையனுக்கு பைக்கு! நான் அதே பஸ்ல தொங்கிட்டு வகுப்புக்குப் போறேன். காலையிலேருந்து இங்க ஊராரு கண்ணாடியைத் தேய்ச்சு, நகத்துக்குள்ள வெள்ளைப் பொடியோட போய் உக்காருவேன். டீச்சர் கையைப் பார்த்துட்டு, சுண்ணாம்பு அடிக்கிற வேலையாம்மான்னு கேட்டாங்க.

— நீ சொல்லவே இல்லையே.

— யாருகிட்ட சொல்றது? அம்மா அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருப்பாங்க. உண்மையைச் சொல்லட்டுமாப்பா? அவன் பெயிலானான்னு கேட்ட அன்னிக்கு எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. அப்படி ஒரு பொண்ணு நான்.

— ஏய்... அவன் உன் கூடப் பிறந்தவன்.

— தெரியும். அதனாலதான் அவ்வளவு நல்லாத் தூக்கம் வந்துச்சு. இதுல தெளிவா, இதுல தெளிவா?

— ரெண்டாவது. இப்ப உன் ஃபீஸ் அந்த ஆளுதானே கட்டுறான்?

— யாரும் கட்டல. என் சம்பளத்துல நான் கட்டுறேன். சீக்கிரம் கிளம்பிப் போன்னு அவர் விடுறாரு, பரீட்சை நேரத்துல அவரே கல்லாவுல உக்காந்துக்குறாரு. அவ்வளவுதான். உங்களுக்கு அவர் மேல இருக்கிற கோபம் எனக்குப் புரியவே இல்ல.

— உனக்குப் புரியாது. வீட்டுல ஒரு நல்ல சேதின்னா, அது நீ இங்க சொல்லி முடிச்சதுக்கு அப்புறம்தான் எனக்கு வருது. நீ மார்க்கு வாங்கினது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. உனக்குக் காய்ச்சல்னு அவருக்குத் தெரியும். ஒருநாள் உன் நிறுத்தத்துல பஸ்ஸை நிறுத்தினேன். நீ ஏறினே. என்னைப் பார்த்தே. டிக்கெட் எடுத்துட்டுப் பின்னாடி போயிட்டே.

— நீங்க ஓட்டிட்டு இருந்தீங்க. பேசக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு.

— எல்லாரும் பேசுறாங்க. என் பொண்ணுதான் போர்டைப் படிக்கிறா.

— அழறீங்களா? வில்லை ஆவி பிடிக்குது. இருங்க, துடைக்கிறேன்.

— அழல. கண்ணைக் கொட்டாம பார்த்தா தண்ணி வராதா? ம்... இந்தா.

— என்ன இது?

— கவரு. அடுத்த தவணைக்கு உன் காலேஜ் ஃபீஸ். பிரிக்காத, சரியா இருக்கும். அலுவலகத்துல போய்க் கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன்.

— உங்களுக்கு ஏதுப்பா?

— பைக்கை வித்துட்டேன்.

— எந்த பைக்கை?

— நம்ம வீட்டுல எத்தனை பைக்கு இருக்கு? அவனோடதைத்தான்.

— அண்ணன் பைக்கையா? அண்ணன் என்ன சொன்னான்?

— என்ன சொல்வான்? கதவைச் சாத்திக்கிட்டான். இன்னிக்குப் பஸ்ல போனான். என் பஸ்லயே. நின்னுக்கிட்டு.

— நின்னுக்கிட்டேவா?

— கடைசி வரைக்கும். சிரிக்காத.

— சிரிக்கல.

— பல்லு தெரியுதே.

— கொஞ்சம் சிரிச்சுக்குறேன்பா. மூணு வருஷமா சேர்த்து வச்சது. ஐயோ, ஹெல்மெட்டையும் சேர்த்தா வித்தீங்க?

— சேர்த்துத்தான். வாங்கினவன் கேட்டான், கொடுத்துட்டேன். போதுமா? இப்ப வாங்கிக்குவியா? நான் கட்டுறேன். இந்தத் தவணை, அடுத்தது, அதுக்கடுத்தது, நீ முடிக்கிற வரைக்கும். சம்பளம் வந்த அன்னிக்கே எடுத்து வச்சுடுறேன். இனிமே யாராவது கேட்டா, எங்கப்பா பஸ் டிரைவர், அவர்தான் படிக்க வைக்கிறாருன்னு சொல்லணும். அந்த வெள்ளைச் சட்டைக்காரன் காதுல விழுற மாதிரி சொல்லணும்.

— சொல்றேன்.

— உரக்கச் சொல்லு.

— எங்கப்பாதான் படிக்க வைக்கிறாரு! போதுமா? வேணாம்னு சொல்லணும்னுதான் நினைச்சிருந்தேன். என்னிக்காவது கொண்டு வருவீங்க, அன்னிக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி வேணாம்னு சொல்லணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு பழகிக்கூட பார்த்தேன். வாய் வரலப்பா. எனக்கு வேணும். நிஜமாவே வேணும். ஞாயித்துக்கிழமை இங்க வராம ஒருநாள் படுத்துத் தூங்கணும்.

— தூங்கு. யாரு எழுப்புறான்னு பார்க்கிறேன். சரி, சீட்டை எழுது, நான் கிளம்பணும்.

— இடது கண்ணு பாக்கி இருக்கே.

— அதெல்லாம் வலது மாதிரிதான். ஒரே தலையில இருக்கிற கண்ணுதானே.

— வரிசையா போவோம்பா. மூடியை மாத்துறேன். அந்த ரிமோட்டை எடுத்துக்குறேன்... ம், ஆச்சு. கீழேருந்து ரெண்டாவது வரி.

— ட, ம, ய, ப, க.

— எனக்குச் சரியா கேக்கல. இன்னொரு தடவை?

— ட, ம, ய, ப, க! கண்டக்டர்கூட இவ்வளவு வேகமா சொல்ல மாட்டான்.

— கடைசி வரி?

— ல, ன, ர, ச, வ. எழுதிக்கோ. உங்க பெரியப்பா வந்ததும் காட்டு. இந்த வயசுல எவனுக்கு இப்படித் தெரியும்னு கேளு.

— ஒரு நிமிஷம். நான்தான் ஏதாவது தப்பா செஞ்சுட்டேனோ என்னவோ. மேல தனியா பெருசா ஒண்ணு இருக்குல்ல? அதைச் சொல்லுங்க.

— அ. யானை மாதிரி நிக்குது, அதைப் போய்க் கேக்குறியே. எழுதிட்டியா?

— இல்லப்பா.

— இன்னும் என்ன? அந்தக் கவரை முதல்ல பையில வை. அந்த ஆளு வந்துடப் போறான்... இல்ல, மேசையிலயே இருக்கட்டும். வந்து நல்லாப் பார்க்கட்டும்.

— கவரை நீங்க எடுத்து வச்சுக்கங்கப்பா. வீட்டுக்கு வேணும்.

— ஏன்? இப்பத்தானே வாங்கினே. என் பணம் மறுபடியும் கசக்குதா?

— மூடியை மாத்தும்போதே எழுத்தை எடுத்துட்டேன். இப்ப அந்தத் திரையில மேலேருந்து கீழ வரைக்கும் இருக்கிறது எல்லாம் நம்பர்ப்பா.