நீல நூல் கெட்டின விசில்

சுயம்பு: காரணம்னு போட்டிருக்க எடத்துல ஒண்ணும் எழுதல்லியேலே.

மரியஜான்: ஒப்பு போட்டிருக்கேன்லா?

சுயம்பு: ஒப்பு கெடக்கு. மரியஜான்னு பேரு கெடக்கு. ‘இந்த சீசனில் நடுவராக நிற்க இயலாது’ங்கிற கட்டத்துல டிக்கும் கெடக்கு. ‘உடல்நலக் காரணம்’னு உள்ள வரி மட்டும் வெள்ளையா கெடக்கு. இப்படி அனுப்பினா மேல உள்ளவனுவ என்னையாக்கும் போன் போட்டுக் கேப்பானுவ.

மரியஜான்: அந்த ஸ்பேனரை இஞ்ச எடுங்க சாரே. பன்னெண்டாம் நம்பர்.

சுயம்பு: நான் ஃபுட்பால் ரெஃபரி சங்கத்துக்க செக்ரட்டரியாக்கும், உனக்க கையாள் இல்ல... இதா? இதா?

மரியஜான்: அது பதினாலு. முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல டிரில் வாத்தியாரா இருந்திய. நம்பர் வாசிக்கத் தெரியாதா?

சுயம்பு: கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். பூதப்பாண்டில இருந்து இந்தக் கடப்புறத்துக்கு இவ்வளவு தூரம் பைக்குல வந்தது உனக்க மீன்பிடி போட்டு எஞ்சினைப் பாக்கவாலே?

மரியஜான்: பின்ன எதுக்கு வந்திய? பேப்பரைத் தபால்ல அனுப்பினேன்லா.

சுயம்பு: அதுக்குத்தான் வந்தேன். தபால்ல! இருபத்திரண்டு வருசமா மூஞ்சிக்கு நேர நின்னு சண்டை போட்டவன், ஸ்டாம்பு ஒட்டி அனுப்புகான்.

மரியஜான்: கொரோனா காலம்லா. தள்ளி நிக்கணும்.

சுயம்பு: போலே. பதினாறு ரெஃபரில பதினொண்ணு பேரு இந்த சீசனுக்கு இல்லன்னு எழுதித் தந்தாச்சு. உன்னையும் சேத்துத்தான்.

மரியஜான்: யாரெல்லாம்?

சுயம்பு: லிஜினுக்க பெண்டாட்டிக்கு ஏழு மாசம். அவன் வரல்ல. குமாரதாசுக்கு சுகர், ஊசி போடுகான். சுனிதா ஆஸ்பத்திரி லேப்ல நிக்கால்லா... ‘நான் இங்கேர்ந்து கொண்டு வந்து கிரவுண்டுல குடுக்க மாட்டேன்’னு எழுதியிருக்கா.

மரியஜான்: நல்ல பிள்ளை.

சுயம்பு: நல்ல பிள்ளைதான். மேட்சை யாரு ஊதுவா? ஏசுஅடிமை என்ன எழுதியிருக்கான் தெரியுமா? ‘பயம்’. அவ்வளவுதான். ஒத்த வார்த்தை.

மரியஜான்: ஏசுஅடிமையா? ஆறடி இருப்பானே.

சுயம்பு: ஆறடிக்கும் பயம் இருக்காம்.

மரியஜான்: அவன் ஒருத்தனாவது உள்ளதை எழுதினான்.

சுயம்பு: செரி, நீ என்ன எழுதுக? சுகர்னு எழுதட்டா?

மரியஜான்: எனக்கு சுகர் இல்ல.

சுயம்பு: பிரஷர்?

மரியஜான்: அதும் இல்ல.

சுயம்பு: முட்டு வலி?

மரியஜான்: முட்டு வலி உள்ளவனா இந்த எஞ்சினைத் தோள்ல தூக்கிட்டு மணல்ல நடப்பான்?

சுயம்பு: பின்ன என்ன எளவுதாம்லே உனக்கு?

மரியஜான்: ஒண்ணும் இல்ல. நல்ல சொகம்.

சுயம்பு: நல்ல சொகமா இருக்கவன் உடல்நலக் காரணம்னு எப்படிலே விலகுவான்?

மரியஜான்: அதான் வெள்ளையா விட்டேன். சாயா சொல்லட்டா?

சுயம்பு: வேண்டாம். நான் சொல்லுகதைக் கேளு மக்கா. உனக்கு இப்பம் நாப்பத்தொம்பது. அம்பது ஆனா நம்ம சங்கத்துல கிரவுண்டுக்குள்ள எறக்க மாட்டாங்க. ஓர்மை இருக்கா?

மரியஜான்: இருக்கு.

சுயம்பு: இந்த ஒரு சீசன்தான் உனக்கு மிச்சம். இதுல விலகினா அடுத்த வருசம்னு ஒண்ணு கெடையாது. பேட்ஜைக் கழத்தி அலமாரில வச்சிட வேண்டியதுதான்.

மரியஜான்: தெரிஞ்சுதான் டிக் போட்டேன்.

சுயம்பு: ஆசை விட்டுப் போச்சா?

மரியஜான்: ஆசை எங்க போகும்? இன்னைக்கும் வெளுப்புக்கு எழும்பி நாலு கிலோமீட்டர் ஓடினேன். கரையில பிள்ளைய பந்து களிச்சா நின்னு பாப்பேன். ஒருத்தன் கையால தட்டினா எனக்க வாய் தானா ஊத வருது.

சுயம்பு: பின்ன வாலே! யாரு தடுத்தா? சிந்தியா வேண்டாங்காளா?

மரியஜான்: வீட்டுல அவ ஒண்ணும் சொல்லல்ல. ‘ஓடுகதை நிறுத்தாதீங்க, வயிறு போட்டுரும்’னுதான் சொன்னா.

சுயம்பு: ஊசி ரெண்டும் போட்டாச்சு. கூட்டம் பாதிதான் விடுவாங்க. மாஸ்க் போடாம ஒருத்தனையும் உள்ள விட மாட்டோம். வாசல்ல மெஷின் வச்சு எல்லாருக்கும் காய்ச்சல் பாப்போம்...

மரியஜான்: எந்த மெஷின்?

சுயம்பு: அதாம்லே, நெத்திக்கும் கைக்கும் நேர பிடிப்பாங்களே. துப்பாக்கி மாதிரி.

மரியஜான்: ஈஸ்டர் பந்து களிக்கு வச்சிருந்தியளே, அதுவா?

சுயம்பு: ... அதுதான்.

மரியஜான்: அது நல்ல மெஷின் சாரே. எல்லாருக்கும் முப்பத்தாறு காட்டும்.

சுயம்பு: இப்பம் எதுக்கு அந்தப் பேச்சு?

மரியஜான்: நீங்கதானே மெஷின்னு தொடங்கினிய.

சுயம்பு: வேற பேச்சு பேசு. மொத களி யாருக்க ஓர்மைக்குன்னு தெரியுமா? யோவானுக்கு. கப்புல அவன் பேரை அடிச்சாச்சு. நல்ல கப்பு, இம்மாம் ஒசரம்.

மரியஜான்: யோவான் கப்பு கேட்டானா?

சுயம்பு: நீ ஏன்லே எதுக்கெடுத்தாலும் முள்ளு மாதிரி பேசுக? அவன் நமக்கு வேண்டியவன். பகல் முழுக்க ஆட்டோ ஓட்டிட்டு சாயங்காலம் காக்கியைக் கழத்தி ஜெர்சி மாட்டிட்டு வருவான். கைக்காசு போட்டு பெட்ரோல் அடிச்சு வந்தவன். ஈஸ்டருக்கு ரெண்டாம் களி ஊதிட்டுப் போனான். மூணு வாரம் கூட ஆகல்ல, கொரோனா கொண்டு போச்சு...

மரியஜான்: பதினெட்டாம் நாள்.

சுயம்பு: எண்ணி வச்சிருக்க.

மரியஜான்: எண்ணாம இருக்க முடியல்ல.

சுயம்பு: அவன் போனதும் களி எல்லாம் நின்னு போச்சு. இப்பம்தான் திருப்பித் தொடங்குகோம். அதான் மொத களியை நீ ஊதணும்னு எல்லாருக்கும் ஆசை. நான் சொன்னது பத்தாதுன்னா... இந்தா. கிளாரா குடுத்து விட்டா.

மரியஜான்: யோவானுக்க வீட்டுக்குப் போனியளா?

சுயம்பு: வரும்வழியில கேறினேன். பெட்டிக்கு அடியில கெடந்துதாம். பிரிச்சுப் பாரு.

மரியஜான்: கையெல்லாம் கிரீஸ்.

சுயம்பு: தொடச்சிட்டு எடு. கவர்லதான் இருக்கு, ஒட்டாது. யோவானுக்க விசிலாக்கும். மொத களியை நீ இந்த விசில்ல ஊதணுமாம். அவளுக்க ஆசை. என்னலே, பாம்பைக் கண்டவன் மாதிரி பாக்க?

மரியஜான்: நூலைப் பாத்தியளா சாரே?

சுயம்பு: கண்ணாடி இல்லன்னு சொன்னேன்லா. என்ன நூலு?

மரியஜான்: நீல நூலு. வலைக்கு உள்ளது.

சுயம்பு: இருக்கட்டும். அதுக்கென்ன?

மரியஜான்: ஒண்ணும் இல்ல. திருப்பிக் கொண்டு போங்க.

சுயம்பு: நான் கொண்டு போக மாட்டேன். அந்தப் பெண்ணுக்க மூஞ்சியைப் பாத்து ‘மரியஜான் மாட்டேன்னு சொன்னான்’னு சொல்ல எனக்கு ஆவாது. நீயே சொல்லு. இரு, போன் அடிக்கேன்.

மரியஜான்: சாரே, வேண்டாம்...

சுயம்பு: ரிங் போயாச்சு. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்... ஆங், கிளாரா! இந்தா, மரியஜான் பக்கத்துலதான் இருக்கான்.

கிளாரா: அண்ணா? சொகமா இருக்கியளா?

மரியஜான்: இருக்கேன் கிளாரா. பிள்ளை அபினா என்ன செய்யுகா?

கிளாரா: பத்தாம் கிளாசு. படிக்கா. விசில் கிடைச்சுதா அண்ணா?

மரியஜான்: கிடைச்சு.

கிளாரா: நான் அதைக் கழுவல்ல. சோப்பு போட்டுக் கழுவித்தான் குடுக்கணும்னு அபினா சொன்னா. எனக்குக் கை வரல்ல. துணிமணி, மெத்தை எல்லாம் அப்பமே எரிச்சாச்சு. அவரு வாய் வச்ச சாமான்னு அது ஒண்ணுதான் மிச்சம். நீங்க ஊதும்போ கழுவிக்கிடுங்க. நான் பாக்க மாட்டேன்லா, அது போதும். கேக்குதா அண்ணா?

மரியஜான்: கேக்குது.

கிளாரா: எங்க வீடு கிரவுண்டுக்குப் பொறத்தாலதானே. நான் அங்க வர மாட்டேன். அடுக்களையில நின்னா கேக்கும். ‘மரியஜான் ஊதினா மணவாளக்குறிச்சி வரைக்கும் கேக்கும்’னு அவரு சொல்லிச் சிரிப்பாரு.

மரியஜான்: அவன் சும்மா சொல்லுவான்.

கிளாரா: அண்ணா... ஒண்ணு கேக்கட்டா?

மரியஜான்: கேளு.

கிளாரா: அன்னைக்கு கிரவுண்டுல யாருக்காவது காய்ச்சல் இருந்துதா? சாருட்ட முன்னமே கேட்டேன். எல்லாருக்கும் மெஷின் வச்சுப் பாத்தோம், ஒருத்தருக்கும் இல்லன்னு சொன்னாரு. அப்பம் ஆட்டோல இருந்துதானே வந்திருக்கணும்? களிக்கு முந்தின நாளு செல்லபாய் அக்காளை ஏத்திட்டுப் போனாரு. அவ இருமிட்டே வந்தான்னு சொன்னாரு.

மரியஜான்: செல்லபாயா?

கிளாரா: ஆமா, நாலு வீடு தள்ளி. அவளுக்கு அப்புறம் ஒண்ணும் ஆகல்ல, நல்லா இருக்கா. எனக்கு அவ மூஞ்சியைப் பாக்கவே பிடிக்கல்ல அண்ணா. அவ வந்து இருந்தா கோயில்ல பெஞ்சை மாறி இருக்கேன். ஒரு நாள் ரோட்டுல வச்சு ‘எனக்க தாலியை அறுத்தவளே’ன்னு கேட்டுப்போட்டேன். அவ அழுதுட்டே போனா. செய்தது தப்பாண்ணா?

மரியஜான்: கிளாரா, அது வந்து...

சுயம்பு: கிளாரா! கிளாரா, இஞ்ச சிக்னல் விட்டு விட்டு வருது... பொறவு கூப்பிடுகேன் என்னா... வச்சிடுகேன்.

மரியஜான்: சிக்னல் நல்லாத்தானே இருந்து. எதுக்கு கட் பண்ணினிய?

சுயம்பு: அவ பாவம்லே. பழசைக் கிளறப்பிடாது.

மரியஜான்: செல்லபாய் பாவம் இல்லியா?

சுயம்பு: ரெண்டு பொம்பளைய சண்டை, நாலு மாசத்துல ஆறிப் போவும்.

மரியஜான்: ஏழு மாசம் ஆச்சு. ஆறல்லியே.

சுயம்பு: இன்னா பாரு மரியஜான். போனவன் போயாச்சு. இனி யாரு என்ன பேசினாலும் வரப் போறதில்ல. ‘நடுவர் எல்லாருக்கும் காய்ச்சல் பார்க்கப்பட்டது, குறை ஒன்றும் இல்லை’ன்னு எழுதி ஒப்பு போட்டுக் குடுத்தவன் நானாக்கும். அதையும் நெனச்சுப் பாரு.

மரியஜான்: நெனச்சுட்டுத்தான் இருக்கேன்... பேனா தாங்க.

சுயம்பு: ஆங்! அப்படி வா. அந்த டிக்கை வெட்டிட்டு மேல உள்ள கட்டத்துல போடு. ஓரத்துல ஒரு ஒப்பும் போட்டுரு.

மரியஜான்: டிக்கு அங்கேயே கெடக்கட்டும். காரணம் எழுதுகேன்.

சுயம்பு: ... செரி. அதும் நல்லதுதான். சுகர்னு எழுதிரு. யாரும் ரத்தம் எடுத்துப் பாக்கப் போறதில்ல.

மரியஜான்: ம்.

சுயம்பு: சுகருக்கு மூணு எழுத்துதானேலே? எவ்வளவு எழுதுக? ஒரு வரிக்குத்தான் எடம் உண்டு.

மரியஜான்: பொறத்தால காலியா கெடக்கு.

சுயம்பு: மரியஜான்...

மரியஜான்: எழுத விடுங்க.

சுயம்பு: அன்னைக்கு வேற ஆளு இல்ல மக்கா. வேலிக்கு வெளிய ஆயிரம் பேரு நிக்கான். கப்பு குடுக்க வந்தவரு மாலையோட இருக்காரு. களி நடக்கல்லன்னா என்னைக் கல்லெடுத்து எறிஞ்சிருப்பானுவ. நான் என்ன செய்வேன்?

மரியஜான்: நான் உங்களை ஒண்ணும் கேக்கல்லியே சாரே.

சுயம்பு: எனக்கும் ஒறக்கம் இல்லலே. நீ மட்டும்தான்னு நெனைக்காத.

மரியஜான்: தெரியும். இல்லன்னா இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டிய.

சுயம்பு: ... முடிஞ்சுதா?

மரியஜான்: முடிஞ்சு.

சுயம்பு: நீயே வாசி. எனக்குக் கண்ணாடி இல்ல.

மரியஜான்: ‘ஈஸ்டர் களி அன்னைக்குக் காலையில எனக்குக் காய்ச்சல். செக்ரட்டரிக்குப் போன் அடிச்சுச் சொன்னேன். ரெண்டு மாத்திரை போட்டுட்டு வான்னாரு. மெஷின்ல காட்டுமேன்னு கேட்டேன். மீன் வைக்கிற ஐஸ் பெட்டிக்குள்ள கையை வச்சிட்டு வா, கையிலதான் பாப்பேன்னாரு. வச்சேன். முப்பத்தாறு காட்டிச்சு. மொத களி நான் ஊதினேன். ரெண்டாம் களிக்கு யோவானுக்க விசில்ல மணல் கேறி சத்தம் வரல்ல. எனக்க கழுத்துல கெடந்த விசிலைக் கழத்திக் குடுத்தேன். நீல வலை நூல்ல நான் கெட்டின விசில். அவன் ஜெர்சியில தொடச்சிட்டு வாயில வச்சான். நான் பாத்துட்டு நின்னேன், ஒண்ணும் சொல்லல்ல. நாலாம் நாள் டெஸ்டுல எனக்கு கொரோனா உண்டுன்னு வந்துது. அதையும் யாருட்டயும் சொல்லல்ல. செல்லபாய்க்கு இதுல ஒரு பங்கும் இல்ல.’ அவ்வளவுதான். ஹெல்மெட்டை எடுங்க சாரே, கிளாரா வீட்டுக்குப் போவோம். இதை அங்க நான் ஒத்தைக்கு நின்னு வாசிக்க மாட்டேன்.