கோவண்டிப் பாட்டு

ஹலோ... ஹலோ அண்ணே, கேக்குதா?... நான்தான், ஸ்வீட்டி. இது ராஹில் போனு, இங்க சவுண்டு பாக்குறவன்... ஆமா, ஆமா, செம்பூர் கஃபேலதான் இருக்கேன். பாதி ஷோ முடிஞ்சிருச்சி, இப்ப பிரேக்... நல்லால்லாம் போகல. நீ மொதல்ல சொல்லு, அம்மாகிட்ட என்ன சொல்லி வச்ச?

...ஒண்ணும் சொல்லலயா? அப்ப அவளாவே முடிவு பண்ணியிருக்கா. அம்மா இங்க வந்திருக்காண்ணே... தனியா வந்தா நான் ஏன் உனக்குப் போன் பண்ணுதேன்? நம்ம சீத்தா கேம்ப் அன்பியத்துல வாராவாரம் வீடு வீடா செபம் பண்ணுத அத்தன பேரும் கூட வந்திருக்காவ. அத்தன பொம்பளைங்களும் முக்காடு போட்டு, கையில செபமாலையோட, முன்னாடி வரிசையில உக்காந்திருக்காவ. பின்னாடி டேபிள்ல காலேஜ் பசங்க பீர் குடிச்சிட்டிருக்கானுவ.

...சிரிக்காத ஏஞ்சலோண்ணே. சிரிக்கிற விஷயம் இல்ல இது... வீட்டுல நான் கிட்டார வச்சிக்கிட்டு கத்துறதுல அவளுக்குப் புரிஞ்சது லார்டு, ஜீசஸ் மட்டுந்தான். நான் பாடுத இந்த அமெரிக்கானா, அமெரிக்காக்காரன் நாட்டுப்பாட்டு, அதுல எவன் பாட்ட எடுத்தாலும் ஆண்டவரு, ரயிலு, குடி, மூணும் வரும். இவ ஒண்ண மட்டும் பிடிச்சிக்கிட்டா. தவக்காலத்து வெள்ளிக்கிழமை எம்மவ பக்திப் பாட்டு பாடுதான்னு சொல்லிக் கூட்டியாந்துட்டா... ஆமா. ஆமா. மொத ரெண்டு பாட்டுக்கு ஆமென்னு வேற சொன்னாவ.

...பீரு இல்லண்ணே பிரச்சினை. அடுத்து கோவண்டிப் பாட்டு இருக்கு.

...ஹலோ? இருக்கியா?... ஆமா, அப்பா பாட்டுதான். நான் எழுதுனதுல பசங்களுக்கு அது ஒண்ணுதான் தெரியும், நெட்டுல கேட்டுட்டு அதுக்குன்னே வந்திருக்கானுவ. கோவண்டி, கோவண்டின்னு டேபிளத் தட்டுறது உனக்குக் கேக்கலயா?... இங்கிலீசு புரியாதாவா? ஜெயராணியக்கா மவ பக்கத்துல உக்காந்து வரிக்கு வரி அர்த்தம் சொல்லிட்டிருக்கா. அக்காதான் அன்பியத் தலைவி, அவ காதுல விழுந்தா பங்குக் கோயில் முழுக்க விழுந்த மாதிரி.

...எனக்கும் தெரியும்ணே. எனக்குத் தெரியாதா? வாராவாரம் செபத்துல அம்மா என்ன சொல்லுதா? குவைத்துல கஷ்டப்படுற எங்க வீட்டுக்காரர் சந்தியாகுக்காகன்னு மன்றாட்டு சொல்லுதா. அவங்க எல்லாரும் முழங்கால்ல நின்னு வேண்டுதாவ. நம்மளும் பக்கத்துல நின்னு ஆமென் சொல்லுதோம். அவரு இங்க கோவண்டியில இன்னொருத்தி வீட்டுல இருக்காரு. பஸ் ஏறுனா போயிரலாம்.

...ஆமா, எழுதுனேன். லோக்கல் ரயில்ல வரும்போது என் கண்ணால பாத்தேன். கோவண்டி பிளாட்பாரத்துல எறங்கி நடக்காரு, தோள்ல வேற ஒரு பிள்ள. என்னயத் தூக்குன அதே தோளு. அதத்தான் எழுதுனேன். பொய்யா எழுதுனேன்?... அரே, கத்தாதண்ணே... சரி. கோவண்டின்னு வார இடத்துல குவைத்துன்னு மாத்திப் பாடவா? பசங்க செருப்பால அடிப்பானுவ.

...சரி... சரிண்ணே. பாடல. விட்டுடுதேன். தொண்ட கட்டிருச்சின்னு சொல்லிட்டு வேற எதாச்சும் பாடுதேன். நீ நல்லாயிரு... கோவமில்ல. நானா எழுதுனதுல உருப்படியா இருந்தது அது ஒண்ணுதான், அதான்... ஒரு நிமிஷம் இரு. அம்மா இந்தப் பக்கம் வாரா.

என்னம்மா, இங்க எதுக்கு வந்த? இது கிச்சனுக்குப் போற வழி, வழுக்கும்... அண்ணன்கிட்டதான் பேசுதேன்... எந்தப் பாட்டு?... இல்ல, அது இன்னைக்கு இல்ல. தொண்ட சரியில்ல... அம்மா, நீ என்ன சொல்லுத?... யாரு சொன்னா உனக்கு?... ஏம்மா. அம்மா, இங்க பாரு. அழாத. அம்மா...

...அண்ணே, இருக்கியா? அவளுக்குத் தெரியுமாம்... எல்லாந்தான். கதவச் சாத்திக்கிட்டு கோவண்டி, கோவண்டின்னு நூறு வாட்டி பாடுதே, இதுக்கு நான் இங்கிலீசு படிக்கணுமாங்கா... தெரிஞ்சுதான் கூட்டியாந்திருக்கா. ஈஸ்டருக்கு முன்னாடி பாவசங்கீர்த்தனம் பண்ணணும், குவைத்துன்னு பொய் சொன்னத சாமியார்கிட்ட சொல்லிருவேன், இவளுவகிட்ட எப்படிச் சொல்லுவேன், அத்தன வருஷம் முழங்கால்ல நின்னவளுவ, எனக்கு வாய் வரமாட்டேங்கு, நீயே பாடிருங்கா.

...அவ முந்தானையில மொகத்தத் தொடச்சிட்டுப் போயிட்டா... இங்கருந்து தெரியுது. ஜெயராணியக்கா பக்கத்துலயே போயி உக்காந்துட்டா. அந்த அக்கா சிரிச்சிக்கிட்டு தண்ணி குடுக்கா. ஒண்ணும் தெரியாம சிரிக்காண்ணே.

...இல்ல, நீ இப்ப எதுவும் சொல்லாத. பாடாதன்னும் சொல்லாத, பாடுன்னும் சொல்லாத... பயமாத்தான் இருக்கு. கிட்டார எடுத்து மாட்டிக்கிட்டேன்... ஹாங், ராஹில், ஆ ரஹீ ஹூன், ஏக் மினிட்... கூப்பிடுதான், வாரேன்னு சொல்லிட்டேன். லைட்டப் போட்டாச்சி.

அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேளு. அடுத்த வாரம் அன்பியச் செபம் நம்ம வீட்டுல. அம்மா பாய் விரிச்சி, மெழுகுவத்தி ஏத்தி வச்சிட்டு வாசலப் பாத்துட்டு நிப்பா. இந்தப் பாட்டக் கேட்டப்பறம் யாரும் வருவாவளோ என்னவோ. உனக்கு ஆபீஸ் இருந்தாலும் சரி, அங்க முலுண்ட்ல உன் வீட்டுல என்ன இருந்தாலும் சரி, நீ சாயங்காலமே வந்து அந்தப் பாயில உக்காந்திரு... ஆமா, செபமாலையோட. வச்சிடுதேன்.