போகிற குரலுக்கு ஒரு வாசல்

நெட் ஃபோனில் குரல் விட்டுவிட்டுக் கேட்டால் குற்றம் பெரும்பாலும் றவுட்டரில்தான் இருக்கும், காதியார் அவர்களே, ஆட்களில் இல்லை. பட்டானிச்சூரில் யார் வீட்டில் வெளிநாட்டு ஃபோன் கோல் அறுந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். றவுட்டரை நிறுத்தித் திரும்பப் போடுவேன், வயர்களை இறுக்குவேன், வீட்டில் யாராவது படம் இறக்கிக்கொண்டிருந்தால் நிறுத்தச் சொல்லுவேன். அவர்கள் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவருவதற்குள் சரிவந்துவிடும்.

என் தங்கை ஹாலிதாவை அவள் புருஷனிடமிருந்து பிரித்து வைப்பதா என்று விசாரிக்கிறீர்கள். அவள் உண்மையிலேயே சம்மதித்துத்தான் கலியாணம் நடந்ததா என்று என்னிடம் கேட்டீர்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அதை றவுட்டரிலிருந்துதான் தொடங்கிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வாப்பா ஆதம்பாவா லண்டனில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறார். உம்மா மௌத்தான பிறகு வீட்டில் நானும் ஹாலிதாவும்தான். வாப்பாவோடு பேசுவதற்கென்றே இன்டர்நெட் லைன் எடுத்து, றவுட்டரோடு ஒரு ஃபோனை இணைத்துப் பூட்டினேன். ஆரம்பத்தில் ஒரு கோளாறு இருந்தது. அவர் பேசுவது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்காது. மண்டையைப் போட்டு உடைத்துக் கடைசியில் கண்டுபிடித்தேன். வருகிற குரலுக்கு ஒரு வாசல், போகிற குரலுக்கு வேறொரு வாசல். போகிற வாசலை றவுட்டர் அடைத்து வைத்திருந்தது. கொம்பியூட்டரில் ஒரு சரிக் குறியை எடுத்துவிட்டதும் திறந்துகொண்டது. அன்றைக்கு வாப்பா அழுதுவிட்டார். ஹாலிதாவின் குரல் உம்மாவின் குரல் மாதிரியே இருக்கிறதாம்.

பிறகுதான் முன்ஸிரின் பேச்சு வந்தது. என் கூட்டாளி, நெல் ஆலைக்காரன். அவனுடைய தங்கை முஃப்லிஹாவை எனக்குப் பிடித்திருந்தது, சோறு தண்ணி இறங்காத அளவுக்குப் பிடித்திருந்தது. மாற்றுக் கலியாணம் என்றால்தான் தருவோம் என்று அவர்கள் வீட்டில் சொன்னார்கள். ஹாலிதா முன்ஸிருக்கு, முஃப்லிஹா எனக்கு. நியாயமான பேச்சுத்தான். முன்ஸிர் கொஞ்சம் கைநீட்டுகிறவன் என்பது எனக்குத் தெரியும். ஆலையில் மூட்டை தூக்குகிற ஒருவரை அவன் அடித்ததை ஹாலிதாவும் பார்த்திருந்தாள்.

"அந்த மனிசன் விழுந்த பிறகும் அடிச்சவர், நானா. எனக்கு அவர் வேணாம்" என்று அண்ணனான என்னிடம் சொன்னாள்.

"அது வேலைக்காரன். பொஞ்சாதிக்கு ஆரும் அப்பிடி அடிப்பாங்களோ?" என்றேன்.

அவள் இறங்கி வரவில்லை. வாப்பாவும் லேசுப்பட்டவர் அல்ல. "பிள்ளைட சம்மதத்த நானே கேக்கோணும். அவ வேணாமெண்டால் விட்டிருவம்" என்று சொல்லிவிட்டார். வெட்கத்தில் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார். அது நம்முடைய வழக்கம்தானே, உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த கையோடு கோல் வந்தது. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டேன். "வாப்பா, கேக்குதோ?" என்றேன். "கேக்குது மகன்" என்றார். ஹாலிதாவைக் கதிரையில் இருத்தி, "நீ தனியக் கதை" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனேன். கொம்பியூட்டர் அங்கேதான் இருந்தது. நான் செய்தது இவ்வளவுதான்: எடுத்துவிட்டிருந்த அந்தக் குறியைத் திரும்பவும் போட்டேன்.

"மகள், முன்ஸிருக்கு உங்கள முடிச்சுக் குடுக்கட்டா? விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லிருங்க. வாப்பா கோவிக்க மாட்டன்."

"வேணாம் வாப்பா" என்றாள்.

வாப்பா பொறுத்திருந்தார்.

"எனக்கு அவரப் பயம் வாப்பா. அல்லாவுக்காகச் சொல்றன், வேணாம்."

"வெக்கப்படுறா" என்று வாப்பா சிரித்தார். நல்ல சந்தோசமான சிரிப்பு. "சரி மகள், எனக்கு விளங்கிட்டுது. அல்ஹம்துலில்லாஹ்."

அவள் இன்னும் ஏதோ சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. ஓயும்வரை இருந்து, குறியை எடுத்துவிட்டு வெளியே வந்தேன். லைனில் பிழை இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிய வேண்டும் அல்லவா. "வாப்பா, லைன் எப்பிடி?" என்று கேட்டேன்.

"நல்லாக் கேக்குது மகன். பக்கத்தில நிண்டு கதைக்கிற மாதிரி."

ஹாலிதா ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள்.

ஒரே பந்தலில் இரண்டு கலியாணமும் சிறப்பாக நடந்தன. அதற்குப் பிறகு வாப்பா எத்தனை தரம் கூப்பிட்டும் அவள் ஃபோனுக்கு வரவில்லை. முன்ஸிர் முதல் தடவை அடித்தபோது, வாப்பாவிடம் சொல்லட்டா என்று நானாகவே கேட்டேன். "அவருக்குத்தான் எல்லாம் கேட்டுதே, நானா. கேட்டுப்போட்டுத்தானே குடுத்தவர்" என்றாள். அந்த எண்ணத்தை நான் கலைக்கவில்லை. பெற்ற தகப்பனே தெரிந்துதான் கொடுத்தார் என்று நினைக்கிற பிள்ளை பொறுத்துப் போகும், பொறுத்துப் போனால் குடும்பம் நிலைக்கும். அவளுடைய நன்மையைத்தான் பார்த்தேன்.

போன கிழமை முன்ஸிர் அடித்தது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. ஒத்துக்கொள்கிறேன். தாடை உடைந்திருக்கிறதாம். ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். குழாயால்தான் கஞ்சி. ஆனால் அவளை நீங்கள் பிரித்துவிட்டால் முன்ஸிர் வீட்டார் முஃப்லிஹாவையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மாற்றுக் கலியாணத்தில் அப்படித்தான். முஃப்லிஹாவின் வயிற்றில் என் பிள்ளை இருக்கிறது. ஒரு லைன் கோளாறுக்காக இரண்டு குடும்பங்கள் பிரிய வேண்டுமா?

எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்றுதான் நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாப்பா கேட்ட மாதிரியே கேட்டேன். "முன்ஸிரிட்டத் திரும்பிப் போக உனக்குச் சம்மதமோ? விருப்பமில்லாட்டி இப்பவே சொல்லு. நான் கோவிக்க மாட்டன்."

நிறைய நேரம் பொறுத்திருந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே வெட்கப்படுகிற பிள்ளை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை, காதியார் அவர்களே. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.