முப்பத்தொன்றாம் வரிசையில் யாரும் சாவதில்லை

மேடையில் வீற்றிருக்கும் அருட்தந்தை ஸ்டானிஸ்லாஸ் அவர்களே! இந்தக் கூடத்தை வாடகை கேட்காமல் திறந்துவிட்ட தீயணைப்புப் படைத் தலைவர் அவர்களே! முன்னால் அமர்ந்திருக்கும் பெர்னடினின் அன்பு மகள் லோரெய்ன் அவர்களே! பழைய மைதானத்தின் பிரிவு நூற்றுப் பதினெட்டு, வரிசை முப்பத்தொன்றில் மிச்சமிருக்கும் என் சகாக்களே! பியரோகிக் கொழுக்கட்டை வேகும்வரை என்னைப் பொறுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கும் ஊர்ப் பெருமக்களே!

வணக்கம். நான் ஜெரி ஃபோல். உங்களில் பாதிப்பேர் வீட்டைச் சூடாக்கும் உலையைப் பழுது பார்த்தவன். மீதிப்பேர், நான் ஒருமுறை பழுது பார்த்ததால் வேறு ஆளைத் தேடிக்கொண்டவர்கள்.

இந்த நினைவுக் கூட்டத்தில் பெர்னடின் காவ்ரோன்ஸ்கி அம்மையாரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் லோரெய்ன். "சிரிக்க வைங்க ஜெரி. அம்மாவுக்கு அதான் புடிக்கும்" என்றார். வைக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சின் நடுவில் ஓர் இடம் வரும். அங்கே நீங்கள் சிரிக்கமாட்டீர்கள். அந்த இடத்தை நினைத்து நான்கு நாளாக நான் தூங்கவில்லை.

யார் இந்த பெர்னடின், நம் பெர்னி? நாற்பத்தொரு ஆண்டு ஒரே நாற்காலியில் அமர்ந்தவர்! பந்தைக் காலால் தொடாத நம் அமெரிக்கக் கால்பந்துக்காக, ஈரி ஏரி தூக்கி எறிந்த பனியை எல்லாம் மடியில் வாங்கியவர்! பள்ளி உணவகத்தில் நம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு முற்றத்தில் நமக்குப் போட்டவர்! பழைய மைதானம் அவர் வீட்டுக்கு எதிரே இருந்தது என்பார்கள். இல்லை, அவர் வீட்டுக்கு எதிரே இருக்கும் பாக்கியம் அந்த மைதானத்துக்குக் கிடைத்தது!

எங்கள் வரிசையில் பன்னிரண்டு நாற்காலி. ஆட்டம் தொடங்குமுன் அவர் எழுந்து நின்று பெயர் கூப்பிடுவார். பீர் வாங்கப் போன எவனாவது கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதே என்று ஆரம்பித்த வழக்கம். பெயர் வந்ததும் "இருக்கேன்!" என்று கத்த வேண்டும். கழிப்பறை வரிசையில் நிற்பவனுக்காகப் பக்கத்து நாற்காலிக்காரன் "இருக்கான்!" என்பான். அவ்வளவுதான்.

பிறகு அவருடைய கணவர் யூஜின் இறந்தார். சனிக்கிழமை அடக்கம். மறுநாள் ஆட்டம். பெர்னி வரமாட்டார் என்றே நினைத்தோம். வந்தார்! அதே பச்சைப் போர்வை, அதே குடுவை. எழுந்தார், பெயர்களைக் கூப்பிட்டார். மூன்றாவது பெயரில் குரல் தடுமாறவில்லை. "யூஜின்!"

அப்போது நம் சால் டிபாஸ்குவாலே, ஆம், காற்றில் டோப்பா பறந்து எதிரணிப் பயிற்சியாளர் காலடியில் விழுந்த அதே சால்தான், எழுந்து நின்று கத்தினார்: "இருக்காரு!"

பெர்னி தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

அன்று தொடங்கியது. அதன்பின் எங்கள் வரிசையில் யாரும் சாகவில்லை. ஐந்து பேரை மண்ணில் வைத்தோம். ஒருவர் பெயரையும் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அவர்களுடைய ஆண்டுச் சீட்டுப் பணத்தை நாங்கள் சேர்ந்து கட்டினோம். அந்த ஐந்து நாற்காலிகளில் மருமகன், மைத்துனி, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது உட்காருவார்கள். பெயர் மட்டும் மாறாது. அணி நிர்வாகத்துக்கும் நாங்கள் சொல்லவில்லை. இறந்து ஒன்பது ஆண்டான யூஜினுக்கு நிர்வாகத்திடமிருந்து பிறந்தநாள் வாழ்த்து வந்தது. அதைப் பெர்னி குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார்.

சில நாட்களில், பனி கொட்டும்போது, "இருக்காரு" என்ற குரல் எந்த நாற்காலியிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சாலும் சொல்லவில்லை என்பார். ஃபாதர், இதை நீங்கள் காதில் வாங்க வேண்டாம்.

சென்ற இலையுதிர் காலத்தில் அணி நிர்வாகத்திடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. எதிரே புது மைதானம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே நாற்காலி வேண்டுமா? முதலில் உரிமம் வாங்க வேண்டும்! உரிமம் வாங்கினால் ஆட்டம் பார்க்கலாமா? முடியாது! சீட்டு வாங்கும் உரிமைதான் கிடைக்கும். சீட்டுக்குத் தனியாகக் காசு! பெர்னி முற்றத்தில் வாணலியைக் கிளறிக்கொண்டே அந்தக் கடிதத்தை என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

"ஏண்டா ஜெரி, இப்ப செத்துப் போறதுக்கு ஒரு லைசென்ஸு வாங்கணும், பெட்டிக்குத் தனியா காசு குடுக்கணும். அப்படித்தான?"

"அப்படித்தான் பெர்னி."

"மைதானம் கட்ட மாவட்டம் நம்ம வரிப்பணத்த அள்ளிக் குடுத்துச்சே, அது என்ன, மொய்யா?"

விட்டாரா? மாதந்தோறும் இரண்டாவது வியாழக்கிழமை மாவட்ட மன்றத்துக்குப் போனார். பொதுமக்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். அந்த மூன்று நிமிடமும் ஒரே கோரிக்கை: நீண்டகாலமாக வருகிறவர்களுக்கு உரிமக் கட்டணம் இல்லாமல் ஒரு பிரிவு ஒதுக்குங்கள்! ஒன்பது மாதம் போனார். மன்றத்தார் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்கள் பேரன் பேத்திகள் பெயரைச் சொல்லி நலம் விசாரித்தபடியே கோரிக்கையை வைத்தார். எல்லோருக்கும் அவர்தானே சோறு போட்டவர்!

நவம்பரில் தன்னையும் சேர்த்து எங்கள் எழுவரையும் மடக்குமேசையைச் சுற்றி நிறுத்தினார். "போனா பன்னெண்டு பேரும் போறோம். இல்லாட்டி ஒருத்தரும் போகல. கைய வைங்க" என்றார். வைத்தோம். என் கைதான் முதலில் விழுந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பைச் சுரண்டினோம். சால் தன் படகை விற்றார். பழைய மைதானத்தில் கடைசி ஆட்டம் முடிந்த வாரம், உரிமம் விற்கும் அலுவலகத்துக்கு எழுவரும் போனோம். கம்பளம் விரித்த கூடம். நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மை மைதானம். கெண்ட்ரா என்ற விற்பனை அதிகாரி. நல்ல பெண். அவர் மேல் குற்றமே இல்லை. கணினியைப் பார்த்தபடி, "பன்னெண்டு பேர் இருக்கு. ஒவ்வொண்ணா படிக்கிறேன், வந்திருக்கீங்களான்னு சொல்லுங்க" என்றார்.

பெருமக்களே, பெயரைக் கூப்பிட்டால் நாங்கள் என்ன செய்வோம்?

"யூஜின் காவ்ரோன்ஸ்கி?"

"இருக்காரு!"

எழுவரும் ஒரே குரலில்! கம்பளக் கூடம் அதிர்ந்தது! ஐந்து பெயருக்கும் அப்படியே! கெண்ட்ரா ஐந்து கட்டத்திலும் 'நேரில் உறுதி செய்யப்பட்டது' என்று குறித்துக்கொண்டார்.

"அவங்கல்லாம் எங்க சார்?"

சால் அசரவில்லை. "குளிருதுன்னு வண்டியிலயே ஒக்காந்திருக்காங்கம்மா."

"பரவால்ல. பதினஞ்சு நாளுக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

வெளியே வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். இறந்தவர் பெயரிலிருக்கும் நாற்காலியை வாரிசுக்கு மாற்ற ஒரு படிவம் இருந்ததும், அதற்கு அன்று மாலையே கடைசி என்பதும் பிறகுதான் தெரிந்தது. உள்ளே ஒரே ஒருவர் "அவர் இறந்துட்டாரும்மா" என்று சொல்லியிருந்தால் போதும். எங்கள் வரிசையில் அந்த வாக்கியத்தைச் சொல்லப் பழகியவர் யாரும் இல்லை.

சால் பேனாவைத் திறந்தார். "குடு பெர்னி. யூஜின் கையெழுத்த நான் கண்ண மூடிட்டுப் போடுவேன். பந்தயச் சீட்டுல எத்தன தடவ போட்டிருக்கேன்!"

பெர்னி அந்த ஐந்து தாளையும் கைப்பைக்குள் வைத்து மூடினார்.

"பேரக் கூப்பிட்டா இருக்காருன்னு சொல்லுவேன். அது என் மனசு. கையெழுத்து அவரோடது. அத யாரும் தொடக் கூடாது."

உண்மையை எழுதி அனுப்பினார். பதில் வந்தது: கெடு முடிந்துவிட்டது, ஐந்து நாற்காலியும் பொது விற்பனைக்குப் போகும். நான் மெதுவாகச் சொன்னேன், "ஏழு பேராவது போகலாமே பெர்னி." அவர் என்னைப் பார்த்தார். "அப்ப அந்த அஞ்சு பேர எங்கடா விட்டுட்டுப் போறது?"

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஒருவரும் போவதில்லை என்று முடிவாயிற்று.

இப்போது அந்த இடம் வருகிறது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் தனியாக அந்த அலுவலகத்துக்குப் போனேன். என் உலைப் பணிக் கடனட்டையைத் தேய்த்து, மேல்தளத்தில் ஒற்றை நாற்காலிக்கு உரிமம் வாங்கினேன். ஆம் சால், என்னை அப்படிப் பார்க்காதே. பாரு, பரவாயில்லை. படகை விற்றவன் பார்க்கலாம்.

ஏன் வாங்கினேன்? எனக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டு மனைவிகள் கைவிட்டுப் போனார்கள். இந்த அணி மட்டும், தோற்றாலும், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும். அதுவும் இல்லாத ஒரு ஞாயிறை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இது காரணம்தான். நியாயம் இல்லை.

யாருக்கும் தெரியாது என்று இருந்தேன். ஜூனில் பெர்னி தொலைபேசியில் அழைத்தார். உரிமம் விற்க அவரை அழைத்த கெண்ட்ரா, "உங்க வரிசையில ஒருத்தர் ஏற்கெனவே வாங்கிட்டாரே மேடம்" என்று வெள்ளந்தியாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது அப்போது தெரியாது.

"ஜெரி, மேல இருந்து பாத்தா மைதானம் முழுசாத் தெரியுமாடா?"

"எந்த மைதானம்? எனக்கென்ன தெரியும் பெர்னி?"

வாணலியில் வெங்காயம் பொரிவது மட்டும் கேட்டது.

"சரிடா. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்." அதுவும் பொய்தான்.

மூன்று வாரத்தில் அவர் இதயம் நின்றுபோனது. நாற்பத்தொரு ஆண்டு சோறு போட்டவருக்கு நான் கடைசியாகக் கொடுத்தது இரண்டு பொய்! அவர் எனக்குக் கொடுத்தது என்ன? உண்மையைச் சொல்ல ஒரு வாசல்! திறந்து வைத்துக் காத்திருந்தார். நான் நுழையவில்லை. கெண்ட்ரா சொன்ன விஷயத்தைச் சவ அடக்கத்தன்று லோரெய்ன்தான் எனக்குச் சொன்னார்.

போன சனிக்கிழமை, உரிமம் வாங்கியவர்களை வந்து உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். போனேன். பளபளக்கும் நாற்காலி. சுற்றிலும் அறிமுகமில்லாத முகங்கள். எதிரே, பழைய மைதானத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் பிரிவு நூற்றுப் பதினெட்டு பாதி தெரிந்தது. படிக்கட்டு வானத்தில் போய் முடிந்தது.

எந்தப் பெயரையும் நான் கூப்பிடவில்லை என்று சத்தியமே செய்வேன். ஆனால் பெயர்கள் கேட்டன. பெர்னியின் குரல், அதே வரிசை. யூஜின். "இருக்காரு" என்றேன். பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த பெயர், அதற்கடுத்தது. இறந்த ஐவருக்கும் சொன்னேன். வராத ஐவருக்கும் சொன்னேன். "பெர்னடின்" என்று கேட்டபோது "இருக்காங்க" என்றேன், குரல் உடையாமல். கடைசியில் என் பெயர் வந்தது.

என்னால் சொல்ல முடியவில்லை, பெருமக்களே! பன்னிரண்டு பேரில் அங்கே உடம்போடு உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். என்னால் "இருக்கேன்" என்று சொல்ல முடியவில்லை. எனக்காகச் சொல்லவும் பக்கத்தில் யாரும் இல்லை. அந்தக் குரல் காத்துக்கொண்டிருந்தது. அவர் ஜூனில் தொலைபேசியில் காத்திருந்தது போலவே. இறங்கி ஓடி வந்துவிட்டேன். இந்த வயிற்றோடு ஓடினேன். அதைப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள்.

அந்தக் குரல் இன்னும் நிற்கவில்லை. உலைக்குள் தலையை விட்டால் கேட்கிறது.

இனிமேல் என்ன செய்யப் போகிறேன்? பெயர் கூப்பிடும் வரிசைத் தலைமையை என்னிடம் தர வேண்டும் என்று அம்மையார் விரும்பியதாக லோரெய்ன் காலையில் சொன்னார். தெரிந்தே விரும்பியிருக்கிறார்! அதுதான் என்னைக் கொல்கிறது. வேண்டாம் லோரெய்ன். அது சாலுக்கு உரியது. உரிமத்தை ஓராண்டுக்குத் திருப்பித் தர முடியாது என்கிறார்கள். இருக்கட்டும், அந்த நாற்காலியில் நான் இனி உட்காரப் போவதில்லை.

எனக்கு அவருடைய வேறொரு வேலை வேண்டும். அந்த மூன்று நிமிடம்! வருகிற வியாழக்கிழமை அவருடைய பெயர் மாவட்ட மன்றப் பட்டியலில் இன்னும் இருக்கிறது. அவர் இறந்துவிட்டார் என்று நேற்று தொலைபேசியில் சொன்னேன். அந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். முதல் நிமிடத்தில், நான் உரிமம் வாங்கியதை, வாக்கை உடைத்ததை, அவரிடம் பொய் சொன்னதைச் சொல்வேன். நல்லவனையே இந்தக் கட்டணம் என்ன செய்யும் என்று காட்ட நல்லவன் ஒருவன் கிடைக்கவில்லை, நான் போகிறேன். மீதி இரண்டு நிமிடம் பெர்னியின் கோரிக்கை. அடுத்த மாதமும் போவேன். அதற்கடுத்த மாதமும் போவேன். கட்டணமில்லாத அந்தப் பிரிவு வரும்வரை, அல்லது என்னைத் தூக்கிக்கொண்டு போகும்வரை போவேன் என்று இந்தச் சபையின் முன் உறுதி சொல்கிறேன்!

வியாழக்கிழமை மாலை ஐந்தே முக்காலுக்கு என் வேன் தேவாலய வாசலில் நிற்கும். ஆறு பேர் ஏறலாம். என்னோடு பேச விருப்பமில்லாதவர்களும் ஏறலாம். பின்னிருக்கையில் பேசாமல் உட்கார்ந்து வாருங்கள். ஒருவரும் வராவிட்டாலும் ஆறு மணிக்கு நான் கிளம்பிவிடுவேன்.