கிளிக்கு இடமில்லை என்றேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். காமாட்சியம்மன் கோயில் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்றிருந்தார்கள். அன்று காலையில் என் வீட்டில் வாடகைக்கு இடம் கேட்டு வந்தவர்கள்தான் என்று குரலிலேயே தெரிந்தது. நான் தறியை விட்டு எழுந்திருக்காமல் உள்ளேயிருந்தே இல்லையென்று சொல்லி அனுப்பியதால், என் முகம் அவர்களுக்குத் தெரியாது.

"பட்டு நூலைக் கடிச்சிடுமாம். கிளி கூண்டுலதான் இருக்குதுன்னு சொன்னேன், காதுலயே வாங்கல" என்றாள் அவள்.

"வுடு புள்ள. நம்ம காமாட்சியே வாடகைக்கு வந்தாலும், கையில இருக்கிற கிளிய வெளிய வுட்டுட்டு வான்னுதான் அந்தாளு சொல்வான்."

"கரும்ப மட்டும் வாங்கி வெச்சிக்குவான்."

இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, இருமி மறைத்தேன்.

"சிரிக்கிறியே, வெள்ளிக்கிழமைக்குள்ள காலி பண்ணணுமேய்யா. கிளிய வெளிய வுட்டா காக்கா கொத்திடும். எறக்க ஒடிஞ்சது அது."

"அம்மாகிட்டயே கேளு."

திரை விலகியது. எல்லோரும் "தாயே" என்று கைகுவித்தார்கள். நானும் குவித்தேன், கண்ணை மட்டும் திறக்கவில்லை. திறந்தால் கிளி தெரியும். பிறகு குங்குமம் வாங்கிக்கொண்டு, அவர்கள் போகாத வழியாக வீடு வந்து சேர்ந்தேன்.

யாருக்காவது இதைச் சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். அவர்கள் பின்னால் ஓடிப்போய்ச் சாவியைக் கொடுத்தேன் என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.