மூன்று குரலும் ஒரு மோட்டாரும்

இருந்தவர்கள்:

மனோகரன். கொரட்டூர் ஏரிக்குப் பக்கத்து ஃபிளாட்டில் இரண்டாம் மாடி, வாடகைக்கு. வங்கி மென்பொருள் வேலை.

கிஷோர். அவனுடைய மைத்துனன். பாடியில் லேத் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வந்தவன்.

எத்திராஜ். ஃபிளாட் சங்கச் செயலாளர். பாதியில் வந்தார்.

சுலோசனா. மனோகரனின் மனைவி. குளியலறைக்குள், தலையில் ஷாம்புவோடு. அவள் சொன்னது எதையும் இங்கே எழுத முடியாது.

*

கிஷோர்: இன்னா மாமே, மறுபடியும் நின்னுபோச்சா?

மனோகரன்: பாட்டா?

கிஷோர்: தண்ணி! அக்கா உள்ள கத்துது, கேக்கல?

மனோகரன்: கேக்குது... என் பாட்டுல ரெண்டாவது வரிசையோட சேர்ந்து நல்லாதான் வருது.

கிஷோர்: செருப்பால அடிக்கும் உன்ன.

மனோகரன்: மச்சான், அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். இப்ப நாலு பத்து. ஒரே ஒரு தடவ முழுசா ஓடி ரெக்கார்ட் ஆயிட்டா போதும்.

கிஷோர்: இந்த கீபோர்டுதான் கம்ப்யூட்டரா? டிவியில வெறும் நம்பரா ஓடுது, ரேஷன் கட லிஸ்டு மாதிரி.

மனோகரன்: நாப்பது வருஷத்து மெஷின்டா. பாட்டுக்குன்னு உள்ள ஒரு சின்ன சிப்பு. அதுக்கு மூணு குரல்தான். மூணு வரிசை தெரியுதுல்ல? ஒரு வரிசைக்கு ஒரு குரல். மேலேர்ந்து கீழ படிச்சிட்டே வரும்.

கிஷோர்: நாலாவதா ஒருத்தன் பாடணும்னா?

மனோகரன்: மூணுல ஒருத்தன் வாய மூடணும்.

கிஷோர்: எங்க ஊட்டுக்கு ஒண்ணு வாங்கிக் குடு மாமே.

மனோகரன்: கிண்டல் பண்ணாத. இதுல பாட்டு போடறவங்களுக்கு உலகம் பூரா சேர்ந்து ஒரு போட்டி நடக்குது. போன வருஷம் நான் நாப்பத்தோராவது எடம்.

கிஷோர்: சூப்பரு! எத்தினி பேரு?

மனோகரன்: ...நாப்பத்தோரு பேரு.

கிஷோர்: ஹாஹாஹா!

மனோகரன்: சிரிக்காத. இந்த வருஷம் நாப்பதாவது வந்தாலே போதும் எனக்கு.

கிஷோர்: சரி, ஹெட்போன் மாட்டிகினு சத்தம் இல்லாம பண்ணேன்.

மனோகரன்: அதுக்கு இதுல ஓட்டையே கிடையாது. டிவி ஸ்பீக்கர்லதான் வரும். சத்தமா வச்சு, பக்கத்துல போன வச்சுப் பிடிக்கணும்.

கிஷோர்: வையேன். இன்னா இப்போ?

மனோகரன்: வச்சா... கீழ மோட்டார ஆஃப் பண்ணிடறாங்க.

கிஷோர்: யாரு?

மனோகரன்: யார் காதுல மொதல்ல விழுதோ அவங்க. மாடி டேங்க் நெறஞ்சா அலாரம் அடிக்கும்ல... அது மாதிரியே இருக்காம் என் பாட்டு.

கிஷோர்: அட ஆமா! டிங் டிடிங் டிங்... அதேதான் மாமே!

மனோகரன்: அதே இல்ல! இது சோகமான பாட்டு.

கிஷோர்: தண்ணி இல்லாதவனுக்கு சோகம்தான்... இரு இரு. மூணு வாரமா பில்டிங்ல டேங்க் நெறயாம கெடக்குதே, அது நீயா?

மனோகரன்: மெதுவா பேசுடா. மொதல் மாடி கிருஷ்ணப்பிரியா மேடத்துக்கு பாம்புக் காது. எத்திராஜ் அண்ணன் பாவம், ரெண்டு தடவ அலாரத்தையே மாத்திட்டாரு. நான்தான்னு தெரிஞ்சா மெஷினோட என்னையும் ரோட்டுல வச்சிடுவாங்க.

கிஷோர்: அக்காவுக்குத் தெரியுமா?

மனோகரன்: டேங்க் நெறயலன்னு சங்கத்துல மொத கம்ப்ளெய்ன்ட் குடுத்ததே உங்க அக்காதான்.

கிஷோர்: போச்சுடா... நான் போயி மோட்டார் போடறேன். டேங்க் நெறய எம்மா நேரம்?

மனோகரன்: முக்கா மணி நேரம்.

கிஷோர்: அதுக்குள்ள நீ பாட்டு போட்டா எவனாச்சும் போயி நிறுத்திடுவான். போடலேன்னா உன் போட்டி பூடும்.

மனோகரன்: அதான்டா. மோட்டார் ஓடாதப்ப அடிச்சா, அது அலாரம் இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.

கிஷோர்: அக்கா தலையா, நாப்பதாவது எடமா? சொல்லு.

மனோகரன்: இருடா, சொல்றேன்.

கிஷோர்: யோசிக்கிற பாரு!

மனோகரன்: ஷ்... பெல் அடிக்குது. யாரு?

எத்திராஜ்: செகரட்டரிப்பா. கதவத் தொற.

மனோகரன்: போர்வ, போர்வ! மெஷின் மேல போடு!

கிஷோர்: போட்டுட்டேன்... ஐயையோ, எதையோ அமுக்கிட்டேன். பாட ஆரம்பிச்சிடுச்சு! எத அமுக்கினா நிக்கும்?

மனோகரன்: அந்த பட்டன் ஒடஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. அதுவா முடிஞ்சாதான் உண்டு... வாங்கண்ணே, வாங்க.

எத்திராஜ்: இன்னா சார், இப்டி வேர்த்து ஊத்துது?

மனோகரன்: வெயில்ணே.

எத்திராஜ்: போர்வைக்குள்ள இன்னா பாடுது?

கிஷோர்: போனு அண்ணாத்தே. ரிங்டோனு.

எத்திராஜ்: இவ்ளோ நேரமாவா? யாரு கூப்புடறது?

கிஷோர்: எங்க அக்கா.

எத்திராஜ்: உங்க அக்கா பாத்ரூம்லேர்ந்து கத்துதே.

கிஷோர்: அதான், போன எடுக்கலன்னு கத்துது.

எத்திராஜ்: தம்பி. போர்வைய எடு.

மனோகரன்: அண்ணே, நானே சொல்லிடறேன். மூணு வாரமா கண்ட நேரத்துல அடிக்குதே, அது அலாரம் இல்ல. நான்தான்.

எத்திராஜ்: தெரியும்.

மனோகரன்: தெரியுமா!

எத்திராஜ்: இந்த பில்டிங்கே எங்க கழனி மேல நிக்குது சார். எனக்குத் தெரியாம இங்க ஒரு எலி பாடாது. மொத நாளே மாடிப்படியில நின்னு கேட்டேன்.

மனோகரன்: அப்புறம் எதுக்குண்ணே ரெண்டு தடவ அலாரத்த மாத்தினீங்க?

எத்திராஜ்: அது... அது கெடக்கட்டும். இப்ப உனுக்கு இன்னா வேணும்?

மனோகரன்: அஞ்சு மணிக்குள்ள முழுசா ஒரு தடவ ஓடணும். யாரும் மோட்டார ஆஃப் பண்ணக் கூடாது. அவ தலைய அலசணும். அவ்ளோதாண்ணே. இன்னியோட நிறுத்திடறேன். மெஷின எங்க அம்மா வீட்டுக்கே அனுப்பிடறேன், சத்தியமா.

எத்திராஜ்: ஐயோ சார், அதெல்லாம் பண்ணாத!

மனோகரன்: ஏண்ணே?

எத்திராஜ்: ...நல்லாகீது. பாட்டு.

மனோகரன்: நெஜமாவாண்ணே? எந்த எடம் பிடிச்சிருந்தது?

எத்திராஜ்: அந்த... முடியிற எடம்.

கிஷோர்: எனுக்கும் அதான் மாமே.

எத்திராஜ்: தம்பி, நீ என்கூட வா. உன்ன மோட்டார் ரூம்ல உட்டு வெளியே பூட்டிடறேன். சாவி வீட்டுக்கு வீடு கீது, உள்ள ஒரு ஆள் வேணும். எவன் வந்து தொறந்தாலும் ஸ்விச்சுல கை வைக்க உடாத.

கிஷோர்: நானா? அப்ப பிரியாணி?

மனோகரன்: மச்சான், போடா. உன் அக்கா தலைக்காகப் போடா.

*

கிஷோர்: ஹலோ... மாமே, கேக்குதா? ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன். மோட்டார் ரூமுக்குள்ள கீறேன், அண்ணாத்தே வாசல்ல நிக்கிறாரு. மோட்டார் ஓடுது. கொசு கடிச்சிக் கொல்லுது.

மனோகரன்: சூப்பர்டா. இது உங்க அக்கா போனு. என் போன டிவி பக்கத்துல வச்சிருக்கேன். பூட்டினதும் சொல்லு, ஆரம்பிச்சிடறேன்.

கிஷோர்: இரு. அண்ணாத்தே, ஒரு டவுட்டு.

எத்திராஜ்: சீக்கிரம் கேளு.

கிஷோர்: மாமா பாட்டும் அலாரமும் ஒரே மாதிரி கீது. நெசமாவே டேங்க் நெறஞ்சு அலாரம் அடிச்சா, எனுக்கு எப்டித் தெரியும்?

எத்திராஜ்: அடிக்காது.

கிஷோர்: இல்ல, ஒருவேள அடிச்சா...

எத்திராஜ்: அடிக்காதுப்பா. வெளிய பைப்புல தண்ணி ஊத்துனா நானே வந்து தொறக்கறேன்.

மனோகரன்: அண்ணே, என்னண்ணே அடிக்காதுன்னு சொல்றீங்க? ஜெர்மன் அலாரம் மாட்டியிருக்கேன்னு மீட்டிங்ல சொன்னீங்களே?

எத்திராஜ்: சார்... பழச தொடைக்கலாம்னு கழட்டினேன், கை நழுவி டேங்குக்குள்ள பூட்ச்சு. வெளிய சொல்லல. மறுநாளே உன் பாட்டு வந்துது. புது அலாரம் சூப்பரா கீதுன்னு ஆளாளுக்கு வந்து கை குடுத்தாங்கோ, ஆமா ஜெர்மன்னு சொல்லிட்டேன். கம்ப்ளெய்ன்ட் வந்தப்ப ரெண்டு தடவ மாத்துனதா சொன்னதும் பொய்யி. மூணு வாரமா இந்த பில்டிங்குக்கு அலாரமே நீதான் சார். நாளைலேர்ந்து டேங்க் நெறஞ்சதும் நான் போன் பண்றேன், உடனே பாட்ட போடு, அதுக்கு முன்னாடி போடாத... தம்பி, கதவுலேர்ந்து வெரல எடு. பூட்டறேன்.