ஜமீனுக்கு எடுத்த இடுப்புப் படம்

மலைமுகட்டிலிருந்து மேகம் இறங்கி வந்து மைதானத்தை எட்டிப் பார்க்கும் இந்த மாலையில், மேடையின் நடுவே வீற்றிருக்கும் விழாத் தலைவர், மாரமங்கலம் பெரியவர் பொன்னுவேல் ஐயா அவர்களே, சேலத்திலிருந்து மலையேறி வந்திருக்கும் மாட்டு வைத்தியர், எங்கள் நாய்களுக்கும் நல்ல வைத்தியர் ஏசுராஜ் அவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாக வந்து அமர்ந்திருக்கும் அன்னையரே, காப்பித் தோட்டத்துக் களைப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கும் உழைப்பாளிகளே, கயிற்றின் ஒரு முனையில் நீங்களும் மறுமுனையில் உங்கள் நாயுமாக நிற்கும் நண்பர்களே, குரைப்பதற்கு முழு உரிமையோடு வந்திருக்கும் நாலுகால் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் தலைச்சோலை கலாவதியின் தாழ்மையான வணக்கம்.

அதோ, ஒருவர் எனக்குப் பதில் வணக்கம் சொல்லிவிட்டார். கயிற்றைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள் ஐயா, அவரும் மேடைக்கு வந்து பேசத் தொடங்கிவிடப் போகிறார்.

இந்தக் கோடை விழா நாய்க்காட்சியில் என் பெண்நாய் சிட்டு ஈன்ற குட்டிக்கு முதற்பரிசு தந்தீர்கள். கோப்பையைக் கையில் கொடுத்து, "நாலு வார்த்தை பேசு சாமி" என்றார் தலைவர். நாலு வார்த்தையோடு நிறுத்தும் பழக்கம் எனக்கு இல்லை என்று தெரிந்தே சொல்லியிருக்கிறார், ஆகவே பழி என் மேல் இல்லை. ஆனால் நான் குட்டியின் பெருமையைப் பாட வரவில்லை. மூன்று ஆண்டுகளாக நெஞ்சில் சுமக்கும் ஒரு நன்றியை இறக்கி வைக்க வந்திருக்கிறேன்.

என் நிலத்தை நீங்கள் அறிவீர்கள். மேலே காப்பி, கீழே கேழ்வரகு, நடுவே நிமிர்ந்து நிற்கும் சரிவு. பன்றி வந்தால் அந்தச் சரிவில் பாய்ந்து ஏற ஒரு நாய் வேண்டும். மணி என்றொரு அல்சேஷன் கலப்பு நாயை ஆசையாக வளர்த்தேன். இரண்டு வயது முடிவதற்குள் பின்னங்கால் இரண்டும் தளர்ந்து சரிவிலேயே உட்கார்ந்துவிட்டான். பன்றி தோண்டுவது அவன் கண்ணுக்குத் தெரிகிறது, குரைக்கிறான், எழ முடியவில்லை. காப்பிக் கூடையில் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோது என் முகத்தையே நக்கிக்கொண்டு வந்தான். அந்த அன்புக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? இன்னொரு குட்டிக்கு அந்த வேதனை வராமல் பார்ப்பதைத் தவிர வேறு என்ன கைம்மாறு இருக்கிறது?

ஏசுராஜ் டாக்டரிடம் கேட்டேன். அவர் என் சமையலறை மொழியிலேயே சொன்னார். "ஆட்டுக்கல் குழியில குழவி பதிஞ்சு உக்காருதில்லீங்களா, அப்படித்தான் இடுப்புக் குழியில தொடை எலும்பு உக்காரணும். குழி ஆழமில்லைன்னா எலும்பு ஆடும், தேயும், வலிக்கும். தாய் தகப்பன் வழியா குட்டிக்கும் வரும். ரெண்டு வயசு நிறைஞ்சதும் ரெண்டு பேருக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு அப்புறம் சேருங்க. நூத்துக்கு நூறு உத்தரவாதம் கிடையாதுங்க. ஆனா தெரிஞ்சே தப்பான ஜோடி சேக்காம இருக்கலாம்." சிட்டுவுக்கு அப்போது இரண்டு வயது நிறைந்திருந்தது. சரி, பெண் வீடு தயார். மாப்பிள்ளை வீடு?

மாப்பிள்ளை யார் என்று இந்த மலையில் கேட்கவும் வேண்டுமா? எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற ரைட்டர் காளியப்பன் அண்ணாவின் நாய் ஜமீன். மயிலைப் போல மார்பு, மன்னனைப் போல முகம். இதே மைதானத்தில் அவன் இடுப்பை இடமும் வலமும் அசைத்து நடந்தால், தேர்நடை தேர்நடை என்று தெருவே திரண்டு நிற்கும். ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் போடுவான், அதற்கு முயல்பாய்ச்சல் என்று பெயர் வைத்தோம். அந்த நடைக்கும் பாய்ச்சலுக்கும்தான் ஆண்டுதோறும் கோப்பை. ஜமீனுக்கு ஜோடி சேர்த்தால் ஈற்றில் முதற்குட்டி காளியப்பன் அண்ணாவுக்கு என்பது நம் வழக்கம், அதை வரிசையில் நின்று கொடுத்தோம்.

அந்த வீட்டு வாசலில் போய் நின்று, உங்கள் மாப்பிள்ளைக்கு இடுப்பைப் படம் எடுக்க வேண்டும் என்றேன். சிரிக்கிறீர்கள். அன்று அவர் சிரிக்கவில்லை.

"ஏனுங்க கலாவதி, கோப்பை வாங்குன நாயைப் பாத்து எலும்பைக் காட்டுன்னு கேக்கறீங்களா? மயக்க ஊசி போட்டு எந்திரிக்காமப் போனா யாருங்க பதில் சொல்றது?"

நான் தலைகுனிந்து திரும்பப் போனேன். அப்போது உள்ளே முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த பொன்னாயி அக்கா, அவருடைய துணைவியார், தலை நிமிராமல் பேசினார். "காலையில அது எந்திரிக்கறப்போ முனகுதுங்க. நொம்ப நாளா முனகுது. நீங்க காப்பி குடிச்சுட்டுப் போயிடறீங்க, நாந்தான் கேக்கறேன். படம் புடிச்சுட்டு வாங்க."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் விவாதம் இல்லை. எந்த வீட்டில்தான் உண்டு?

எஸ்டேட் லாரியில் காப்பி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு நாய்களையும் ஏற்றிக்கொண்டு சேலம் போனோம். மயங்கிக் கிடந்த ஜமீனின் தலையைக் காளியப்பன் அண்ணா மடியில் வைத்துக்கொண்டு, அவன் மூச்சு விடும்போதெல்லாம் தானும் மூச்சு விட்டார். டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சிட்டுவின் எலும்பு குழியில் அழகாகப் பதிந்திருந்தது. ஜமீனுடையது இரண்டு பக்கமும் நழுவி வெளியே நின்றது. படிக்காதவர்களும் படிக்கக்கூடிய படம் அது.

திரும்பும்போது அடிவாரத்தில் டீக்கு லாரியை நிறுத்தினார்கள். அண்ணா இரண்டு பன் வாங்கி நாய்களுக்குப் பிய்த்துப் போட்டார், தான் எதுவும் சாப்பிடவில்லை. கடைசித் துண்டை ஜமீனுக்குப் போட்டுவிட்டுச் சொன்னார், "இத்தனை வருசமா தேர்நடை தேர்நடைன்னு கை தட்டுனமுங்களே. அது வலி தாங்காம நடந்த நடைங்களே."

தோழர்களே, அந்தப் படம் அவர் கையில் இருந்தது. அதைப் பரண்மேல் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? நான் சொல்லமாட்டேன், டாக்டரும் சொல்லமாட்டார். அந்தப் பருவத்தில் மாரமங்கலத்திலிருந்து மட்டும் பல வீட்டார் ஜமீனைக் கேட்டு வைத்திருந்தார்கள். பேர் வரும், பெருமை வரும், முதற்குட்டி வரும். அவர் என்ன செய்தார்?

அடுத்த சந்தை நாளில், கூட்டம் நிறைந்த நேரத்தில், படத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "எல்லாரும் வந்து பாருங்க. என் ஜமீனுக்கு இடுப்பு சரியில்லை. இனிமே அவன் யாருக்கும் மாப்பிள்ளை இல்லீங்க. அவனோட குட்டி வெச்சிருக்கறவங்க டாக்டர்கிட்டக் காட்டுங்க. புதுசா சேக்கறவங்க படம் எடுத்துட்டுச் சேருங்க." சிலர் சிரித்தார்கள். ஒருவர், இத்தனை நாள் ஏமாந்தோமே என்று சத்தம் போட்டார். அண்ணா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, வெயில் சாயும்வரை அந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்.

அவர் கை அன்று வலித்திருக்கும். அந்த வலியால்தான் இந்த மலையின் நாய்களுக்கு வலி குறைந்தது. மாரமங்கலம் சித்தனின் கருப்பனைத் தெரியுமா? ஒரு கோப்பையும் வாங்காத நாய். படம் எடுத்தோம், குழியில் குழவி கச்சிதமாக இருந்தது. அவனுக்கும் சிட்டுவுக்கும் பிறந்தவன்தான் இன்று பரிசு வாங்கியவன். வயது இரண்டாகிவிட்டது, அவனுக்கும் படம் எடுத்தாயிற்று. என் சரிவில் அவன் ஏறி ஓடும்போது நான் மணியை நினைக்கிறேன், காளியப்பன் அண்ணாவை நினைத்துக் கும்பிடுகிறேன்.

கொடுப்பவரை வள்ளல் என்கிறோம். என்னிடம் இருப்பதை வாங்காதீர்கள், உங்களுக்கு ஆகாது என்று ஊரறியச் சொல்பவரை என்னவென்று சொல்வது? அதற்கு எத்தனை அன்பு வேண்டும், எத்தனை நெஞ்சுரம் வேண்டும்? நாய் வளர்க்கும் நண்பர்களே, இந்த ஒன்றை மட்டும் கேட்கிறேன். அழகைப் பாருங்கள், அறிவைப் பாருங்கள், ஆனால் ஜோடி சேர்க்கும் முன்னே இடுப்பைப் பாருங்கள். படம் நன்றாக இல்லையென்றால் குட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள், நாயை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஜமீன் இன்றும் அந்த வீட்டில் மெத்தை விரித்துப் படுக்கிறான். தினமும் மாத்திரையை வெல்லத்தில் பொதித்துக் கொடுப்பவர் பொன்னாயி அக்கா.

விழாக் குழுவினர் காளியப்பன் அண்ணாவுக்கும் ஜமீனுக்கும் இன்று பொன்னாடை போர்த்துவதாக அறிவித்திருக்கிறார்கள். அழைக்கிறேன். அண்ணா, வாருங்கள்.

எழுந்துவிட்டார். ஜமீனும் எழுந்துவிட்டான், மெதுவாக. இதோ மேடைப் படிவரை வந்துவிட்டார்கள். கைதட்டலைக் கொஞ்சம் நிறுத்துங்கள் தாய்மாரே. ஜமீன் படியைப் பார்க்கிறான், அண்ணா குனிகிறார்.

தூக்காதீங்க அண்ணா. அங்கேயே இருங்க. அவனை உக்கார வைங்க.

தலைவர் அவர்களே, அந்தப் பொன்னாடையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்திருங்கள். டாக்டர், நீங்களும் எழுந்திருங்கள். இந்தப் படிகளில் ஏற ஜமீனால் முடியாது. இறங்க நம்மால் முடியும். பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றியும் வணக்கமும் உரியன. மிச்ச நன்றியைக் கீழே போய் அவன் காலடியில் உட்கார்ந்து சொல்லிக்கொள்கிறேன். வாருங்கள் ஐயா, இறங்கலாம்.